மூலை மேசை

செப்டம்பர் வந்தால் அவர் வருவார்.
பிஷ்கேக் விமான நிலையம், சுங்கப் பிரிவு,
துப்பாக்கிகளுக்கென்று ஒதுக்கிய மூலை மேசையில்
நான்.
பெயர் பல்தசார் இரியோந்தோ, பாஸ்க் மலைக்காரர்.
பெட்டியைத் திறக்குமுன் தொப்பியைக் கழற்றுவார்.
எனக்காகவா, துப்பாக்கிக்காகவா,
இன்றுவரை தெரியாது.

முதல் வருடம் பதிவேட்டில் எழுதியது:
ஏழு மில்லிமீட்டர், தோட்டா இருபது,
எடை மூன்று கிலோ எழுநூறு.
அக்ரூட் மரக் கட்டை. அர்ஸ்லான்போப் காட்டில்
என் மாமன்கள் உலுக்கும் அதே மரம்.
பெட்டி முழுக்க ஒட்டுச்சீட்டுகள்:
விண்ட்ஹூக், ஒயிட்ஹார்ஸ், காட்மாண்டு,
பிய்த்தும் வராமல் நின்றுவிட்ட
ஏதோ ஓர் ஊரின் பாதி.

அடுத்த முறை மூன்று கிலோ இருநூறு.
தராசு பழுதோ என்று
என் மதியச் சாப்பாட்டை வைத்துப் பார்த்தேன்.
பழுதில்லை.
மரம் போய்க் கார்பன் இழை வந்திருந்தது,
தட்டினால் காலி டப்பாவின் சத்தம்.
பிறகு ஒரு வருடம் குழலில் இரண்டு அங்குலத்தைக் காணோம்.
பிறகு போல்ட் கைப்பிடியில் துளைகள்.
திருகாணிகள் இரும்பிலிருந்து டைட்டானியம் ஆயின.
தோல்வாரை எடுத்தெறிந்துவிட்டு
கூடாரக் கயிறு கட்டியிருந்தார்.
இரண்டு கிலோ நானூறு.

எட்டு மாத வயிற்றோடு
அதை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டி,
'என் பிள்ளை இதைவிடக் கனமாகப் பிறக்கும்' என்றேன்.
அவரிடம் இருந்த நாற்பது ரஷ்யச் சொற்களில்
ஒன்றைத் துழாவி எடுத்தார்: 'மலை.'
உள்ளங்கையைத் தலைக்கு மேலே, இன்னும் மேலே
உயர்த்திக் காட்டினார்.
அத்-பாஷி மலை எனக்குத் தெரிந்து
அதே உயரத்தில்தான் நிற்கிறது.

குதிரைக்காரன் சகின்பேக் சொன்னான்:
'அது சுடுவதில்லை அக்கா, உதைக்கிறது.
போன தடவை தெக்கேயும் விழுந்தது,
பனியில் இவரும் விழுந்தார்.
யார் முதலில் எழுந்தது என்று மட்டும் கேட்காதே.'
தெக்கே எங்கள் மலையாடு. கொம்பு
அரிவாளைவிட அதிகம் வளையும்.

மகள் பிறந்தாள், மூன்றே கால் கிலோ.
அடுத்த செப்டம்பரில் அவர் வரவில்லை.
அதற்கடுத்ததிலும்.
எடையைச் சொல்லக் காத்திருந்தேன் என்று
கணவரிடம் எப்படிச் சொல்வது?

வந்தபோது தொப்பியை இடது கையால் கழற்றினார்.
சட்டையின் மேல் பொத்தானை விலக்கி
வலது தோள் தழும்பைக் காட்டி, 'டைட்டானியம்' என்றார்,
ஆறு விரல்.
பெட்டியைத் திறந்தேன்.
பழைய அக்ரூட் மரம், இரும்புத் திருகாணி,
கட்டையின் பின்புறம் குடைந்து
உள்ளே ஈயம்.
நான்கு கிலோ நூறு.

நான் கேட்காமலே நடித்துக் காட்டினார்.
முதலில், சின்னத் துப்பாக்கி:
ஏறுகிறார், ஏறுகிறார், சுடுகிறார், முகம் கோணுகிறது.
அப்புறம், இந்தத் துப்பாக்கி:
சுடுகிறார், புன்னகை.
ஏறுவதை நடிக்கவில்லை.
வெளியே சகின்பேக் பெட்டியை வாங்கித்
தன் முதுகில் போட்டுக்கொண்டான்.
கழுத்தில் பைனாகுலர் ஆட
பின்னாலேயே போனார்,
திருமண வீட்டில் மாலை ஒன்றை மட்டும்
சுமக்கச் சொல்லப்பட்டவர் போல.

பன்னிரண்டாம் நாள் திரும்பினார்.
எடை அதே எடை.
தோட்டா பத்தொன்பது.
கொம்பில்லை, தோலில்லை, கால்நடைத் துறைச் சான்றிதழ் இல்லை.
பேனாவால் அந்தக் குறையைத் தொட்டேன்.
வெகுநேரம் தேடி, நாற்பதில் இல்லாத
புதுச் சொல் ஒன்றைச் சொன்னார்,
அதுவும் கிர்கிஸில்:
'தாஷ்.' கல்.

கல்லைக் குறி பார்த்தாரா,
ஆட்டைக் குறி பார்த்துக் கல்லில் பட்டதா,
சகின்பேக் மீசையைத் தடவிக்கொண்டு
கூரையைப் பார்த்தான்.
'வீழ்த்திய விலங்கு, எண்ணிக்கை' என்ற கட்டத்தில்
கல், ஒன்று
என்று எழுதி முத்திரை குத்தினேன்.
மேலதிகாரி இன்னும் கூப்பிடவில்லை.